சூடானா நிக்கிற காரும் ஈரச் சாக்கும்

போன வருசம் கத்திரி வெயில் தொடங்கின வாரம். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். எங்க வலையபட்டி விலக்குல, என் கடலைக் கொல்லைக்கு நேர் எதிரா ஒரு பழைய வெள்ளைக் கார் நின்னுச்சு. ஐம்பது வருசத்துக்கு முந்தின வண்டி. ஆனா புதுசா பெயின்ட் அடிச்சு, குரோமியத்தைப் பளபளன்னு தேய்ச்சு வச்சிருந்தாங்க. திருச்சியில இருந்து பிள்ளையார்பட்டிக்குப் போற அப்பாவும் மகனும். மகன் பானெட்டைத் தூக்கி வச்சுட்டு, குடிக்கிற தண்ணி பாட்டிலைத் திறந்து பெட்ரோல் பம்பு மேல ஊத்திக்கிட்டு இருந்தார். அப்பா பக்கத்துல நின்னு, "ஊத்துப்பா, நல்லா ஊத்து. நாங்கள்லாம் ஈரத்துணி போட்டுத்தான் கொடைக்கானலே ஏறினோம்"னு சொல்லிக்கிட்டு இருந்தார்.

மூணு பாட்டில் காலி. செல்ஃப் சுத்துது, வண்டி கிளம்பல.

அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னு பின்னால சொல்றேன். அந்த வண்டி என்ன ஆச்சுங்கிறதையும் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த ஈரத்துணி வைத்தியத்தோட சரித்திரத்தைச் சொல்லணும். அது எங்க இருந்து வந்துச்சு, ஏன் நம்ம நாட்டுல மட்டும் இத்தனை வருசம் நிலைச்சுது, எங்க பலிக்கும், எங்க பலிக்காது. நகரத்துல இருக்கிற உங்கள்ல பல பேருக்கு, ஓடிக்கிட்டு இருந்த கார் சூட்டுல நின்னு, திரும்பக் கிளம்பாமப் போறதுன்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது. நல்லதுதான்.

எங்க பக்கம் கார் வந்தது கப்பல் வழியா. நகரத்தார் பர்மா, சிலோன், மலாயான்னு போய்க் கொடுக்கல் வாங்கல் நடத்தின காலத்துல, பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் இங்க வந்து வீடாச்சு. அதே காலத்துலதான் சீமைக் கார்களும் வந்துச்சு. வில்வண்டி நின்ன கொட்டகை கார் ஷெட்டா மாறுச்சு. இன்னைக்கும் கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகள்ல அந்த ஷெட்டுகளைப் பார்க்கலாம்.

ஆரம்ப காலத்துக் கார்கள் பலதுல பெட்ரோல் பம்புன்னு ஒண்ணு கிடையாது. 1908-ல வந்த ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கங்க. டேங்க் முன் சீட்டுக்கு அடியில. பெட்ரோல் தன் எடையிலேயே வாய்க்கால் தண்ணி மாதிரி கார்புரேட்டருக்கு இறங்கி வந்துரும். டேங்க்ல கொஞ்சமா பெட்ரோல் இருக்கும்போது செங்குத்தான மேட்டுல ஏறினா இறங்காது. அதனால ரிவர்ஸ் கியர் போட்டுப் பின்பக்கமா மேடு ஏறுவாங்க. சிரிக்காதீங்க, அப்படித்தான் ஓட்டினாங்க.

அப்புறம் டேங்கைப் பாதுகாப்புக்காகவும் இடத்துக்காகவும் பின்னாடி கொண்டு போனாங்க. பள்ளத்துல இருக்கிற பெட்ரோலை முன்னாடி இருக்கிற இஞ்சினுக்கு ஏத்தணுமே! 1920-கள் கடைசியில இஞ்சின் உடம்புலேயே போல்ட் போட்டு மாட்டின டயாஃப்ரம் பம்பு வந்துச்சு. இஞ்சின் சுத்தினா அதுவும் மேலும் கீழும் அடிச்சு பெட்ரோலை இழுக்கும். மலிவு, எளிசு. 1930-கள்ல உலகம் பூரா இதுவே வழக்கமாச்சு. அதோட சேர்ந்து ஒரு வியாதியும் வந்துச்சு.

அந்த வியாதியைக் கிணறு வச்சிருக்கிறவனுக்குச் சொல்லவே வேண்டாம். கிணத்து மேட்டுல மோட்டார் வச்சு இறைக்கிறோம். இழுக்கிற குழாயில எங்கயாச்சும் காத்து புகுந்துட்டா மோட்டார் சும்மா சுத்தும், தண்ணி வராது. "காத்து வாங்கிருச்சு"ம்போம். பம்பால தண்ணியைத் தள்ள முடியும். காத்தைப் பிடிச்சா நசுக்கிக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். கார்லயும் இதே கதை. காத்து வெளியில இருந்து வர்றதில்ல, பெட்ரோலே கொதிச்சுக் குமிழியாகுது. பெட்ரோல் ஒரே சரக்கு இல்ல, பல சரக்கு கலந்தது. அதுல லேசான பகுதி சுமார் 35, 40 டிகிரியிலேயே ஆவியாக ஆரம்பிச்சிரும். நம்ம சித்திரை வெயிலே அந்த அளவு. அதுக்கு மேல இஞ்சின் சூடு. போதாததுக்கு, பம்பு இழுக்கிற குழாய்க்குள்ள அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைஞ்சா இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இதைத்தான் வேப்பர் லாக்கும்பாங்க. மலை மேல காத்தழுத்தமும் குறைவு, சின்ன கியர்ல இஞ்சின் சூடும் அதிகம். அதனாலதான் கொடைக்கானல் ரோட்டுல அத்தனை கார் பானெட்டைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு. உயரத்துல பறந்த பழைய விமானங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை. ஓடும்போது நல்லா ஓடும். டீக்கடையில பத்து நிமிசம் நிறுத்தினா கிளம்பாது. ஏன்னா ஓடும்போது ஃபேன் காத்தும் ரேடியேட்டர் தண்ணியும் சூட்டை வாங்கிக்கிட்டே இருக்கும். நிறுத்தினதும் அது ரெண்டும் நின்னுரும். ஆனா இஞ்சின் இரும்புல இருக்கிற சூடு எங்க போகும்? பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். அதனால நிறுத்தின கொஞ்ச நேரத்துல பம்பு முன்னைவிட அதிகமா சுடும்.

ஈரத்துணி இதுக்குச் சரியான மருந்து. துணியில இருக்கிற தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும், மண்பானைத் தண்ணி குளுருற மாதிரி. குமிழி திரும்ப பெட்ரோலாகும், பம்பு இழுக்கும். அமெரிக்காவுல துணி காயப்போடுற மரக் கிளிப்பைப் பெட்ரோல் குழாய்ல வரிசையா மாட்டுற பழக்கம் இருந்துச்சு. ஊருக்கு ஊர் ஒரு வைத்தியம்.

மத்த நாடுகள்ல இந்த வைத்தியம் மறைஞ்சு போச்சு. நம்ம நாட்டுல ஏன் மறையல? அதுக்குக் காரணம் ஒரு கொள்கை. 1942-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பிச்சு, 1948-ல மேற்கு வங்காளம் உத்தர்பாராவுக்கு வந்துச்சு. 1944-ல பம்பாய்ல பிரீமியர். சென்னையில ஸ்டாண்டர்டு. 1928-ல இருந்து பம்பாய்ல கார் பூட்டிக்கிட்டு இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி கம்பெனிகள்கிட்ட, 1953-ல அரசாங்கம் "இங்கேயே பாகங்களைத் தயாரிக்கிற திட்டம் இல்லைன்னா இடமில்ல"ன்னு சொல்லிருச்சு. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்தது விரல் விட்டு எண்ணுற கம்பெனிகள். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையா வச்சு 1957-58 வாக்குல வந்த அம்பாசடர், 2014 மே மாசம் வரைக்கும் உத்தர்பாராவுல தயாராச்சு. நடுவுல இஞ்சின் மாறுச்சு, டீசலும் வந்துச்சு. ஆனா பல வருசம் அதே வகைக் கார்புரேட்டர், அதே வகைப் பம்பு. அப்பா ஓட்டின வண்டியோட வயித்தெரிச்சலும் அதுக்கு மருந்தும் அப்படியே மகனுக்கு வந்துச்சு.

அந்தப் பழக்கத்துல ஒரு ஆபத்து இருந்தது. கார் சூட்டுல நின்னா பெட்ரோல் பம்புதான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. யாரும் ரெண்டாவது கேள்வி கேட்கல.

இப்ப என் கதைக்கு வர்றேன். 1987, வைகாசி. நான் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிட்டு வீட்டுல இருந்தேன். அக்காவுக்குத் தலைப்பிரசவம். மச்சான் வெளிநாட்டுல. ராத்திரி வலி எடுத்து, விடிஞ்சும் ஆகல. காலையில பார்த்த நர்ஸம்மா, "இங்க வச்சுக்க வேண்டாம், மதுரைக்குக் கொண்டு போயிருங்க"ன்னு சொல்லிட்டாங்க. எங்க ஆத்தா ஓடிப்போய்ப் பெரிய வீட்டு ஆச்சிகிட்ட நின்னுச்சு. ஆச்சி ஒரு வார்த்தை பேசல. "காரை எடுக்கச் சொல்லு"ன்னாங்க. கறுப்புக் கார். டிரைவர் அண்ணன் முப்பது வருசமா அந்த வீட்டுக்கு ஓட்டுறவர். பின்னாடி ஆத்தா மடியில அக்கா, முன்னாடி நான்.

திருப்பத்தூர் தாண்டிக் கீழவளவு வர்றதுக்கு முன்னாடி வண்டி நின்னுச்சு. திக்கல, இழுக்கல, இருமல. சுவிட்சை அணைச்ச மாதிரி பொட்டுன்னு நின்னுச்சு. டிரைவர் அண்ணன் இறங்கி, "பம்பு சூடாயிருச்சு தம்பி, தண்ணி கொண்டா"ன்னார். ரோட்டோரப் பம்புசெட்டுல இருந்து குடத்துல கொண்டாந்தேன். சாக்கை நனைச்சுப் போட்டு ஊத்தினோம். அரை மணி நேரம் கழிச்சுக் கிளம்புச்சு. "பாத்தியா!"ன்னார். ரெண்டு மைல் போச்சு. திரும்ப பொட்டுன்னு நின்னுச்சு. திரும்பத் தண்ணி. திரும்ப அரை மணி நேரம். ரெண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போச்சு. கையைக் காட்டியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. "இப்பக் கிளம்பிரும், இப்பக் கிளம்பிரும்"னு விட்டுட்டோம். அக்கா கத்துறதை நிறுத்திட்டு முனகிக்கிட்டு இருந்துச்சு. கத்தினதைவிட அந்த முனகல்தான் பயமா இருந்துச்சு.

மூணாவது தடவை நின்னப்ப, புல்லட்ல வந்த ஒருத்தர் நிறுத்தினார். மேலூர்ல ஒர்க்‌ஷாப்புல வேலை பாக்கிறவராம். ஈரச் சாக்கைப் பார்த்தார். "அண்ணே, பெட்ரோல் வருதான்னு பாத்தீங்களா? கரண்ட் வருதான்னு பாத்தீங்களா?"ன்னு கேட்டார். டிரைவர் அண்ணன் பதில் சொல்லல. அவர் கார்புரேட்டர் மூடியைத் திறந்து ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தார். பெட்ரோல் நல்லாப் பீச்சுச்சு. அடுத்து, காயில்ல இருந்து வர்ற நடு ஒயரை உருவி, இஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலமா டக் டக்னு குதிக்க வேண்டிய பொறி, மஞ்சளா எப்பவாச்சும் ஒண்ணு வந்துச்சு. "கண்டன்சர் போச்சு"ன்னார். தன் டூல் பாக்ஸ்ல உபரியா இருந்த புல்லட் கண்டன்சரை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியில ஒயரால கட்டி மாட்டினார். ஐஞ்சு நிமிசம். மதுரை வரைக்கும் வண்டி நிக்கவே இல்ல.

ஒன்றரை மணி நேரம் ரோட்டுல போயிருச்சு. அக்கா பிழைச்சுச்சு. குழந்தை தங்கல. ஆம்பளைப் பிள்ளை. முன்னாடியே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னார். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கிட்டோம்.

அந்தக் கண்டன்சர்னா என்னன்னு சொல்றேன். பழைய மோட்டார் வண்டிகள் பலதுல பொறிக்கு மேக்னெட்டோ இருந்துச்சு. அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங்னு ஒருத்தர் பேட்டரியில இருந்து பொறி எடுக்கிற முறையைச் செப்பம் பண்ணினார். 1910 மாடல் கேடிலாக் கார்ல அது வந்துச்சு. 1912 மாடல்ல அவரோட செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்துச்சு. 12 வோல்ட் கரண்ட் காயிலுக்குப் போகும். நம்ம மெக்கானிக்குங்க பிளாட்டினம்னு சொல்ற பாயிண்ட் திறக்கும்போது அந்தக் கரண்ட் சட்டுன்னு அறுபடும். அறுபடுற வேகத்துலதான் காயில்ல ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்குல பொறியாகும். அந்த அறுப்பு சுத்தமா இருக்க, பாயிண்ட்டுல பொறி பறக்காமத் தாங்குற விரல் பருமன் தகர உருளைதான் கண்டன்சர். உள்ள தகடும் காகிதமும் சுருட்டியிருக்கும். பழசானா, குளிர்ச்சியில நல்லா வேலை செய்யும், சூடு ஏறினா ஒழுகும். காயிலும் அப்படித்தான். உள்ள சுத்தியிருக்கிற கம்பி சூட்டுல விரியும், காப்பு விட்டுப்போகும், பொறி நின்னுரும். ஆறினா திரும்ப வரும். 1961-ல சென்னை பாடியில லூகாஸ் டி.வி.எஸ் தொழிற்சாலை வந்த பிறகு இந்த மின்சாமான்கள் நம்ம ஊர்லயே தயாராச்சு. ஆச்சி வண்டியில கெட்டுப்போனது எந்தப் பேரும் போடாத மலிவுச் சரக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

இங்கதான் டிரைவர் அண்ணன் ஏமாந்தார். அவர் மேல தப்புச் சொல்ல மாட்டேன், முப்பது வருச அனுபவம்தான் அவரை ஏமாத்துச்சு. தண்ணி ஊத்தினோம், அரை மணி நேரம் காத்திருந்தோம், வண்டி கிளம்புச்சு. தண்ணியாலதான் கிளம்புச்சுன்னு நினைச்சோம். உண்மையில அந்த அரை மணி நேரத்துல கண்டன்சர் ஆறிருச்சு. பம்புக் கோளாறும் ஆறினா சரியாகும், பொறிக் கோளாறும் ஆறினா சரியாகும். அதனால தப்பான மருந்தும் பலிச்ச மாதிரியே தெரியும். வயல்ல நெல்லு மஞ்சளாச்சுன்னா உடனே யூரியா போடுறவன் கதையும் இதான். அது துத்தநாகக் குறையா, தண்ணி தேங்கினதா, தழைச்சத்துக் குறையான்னு பார்க்க மாட்டான். ரெண்டு நாள்ல மழை பெய்ஞ்சு பச்சையானா யூரியாவுக்குப் பேராயிரும்.

அந்த மேலூர்க்காரர் கேட்ட ரெண்டு கேள்வியை வச்சு, பின்னாடி நான் மெக்கானிக்குங்ககிட்ட நின்னு நின்னு கத்துக்கிட்டதை வரிசையாச் சொல்றேன்.

நிக்கிற விதத்தைக் கவனிங்க. திக்கித் திணறி, இழுத்து இழுத்து நின்னா பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னா பெரும்பாலும் பொறி பக்கம். ஆற விடாம அப்பவே சோதிக்கணும், ஆறினா சாட்சி அழிஞ்சிரும். கார்புரேட்டர்ல பெட்ரோல் பீச்சலைன்னா பம்பு, குழாய், வடிகட்டியைப் பாருங்க. ஈரத்துணி இங்கதான். பீச்சுது ஆனா பொறி இல்லைன்னா கண்டன்சர், காயில், பாயிண்ட். பெட்ரோல் சிந்திக் கிடக்கிற இடத்துல பொறி சோதனை பண்ணவே கூடாது. ரெண்டும் இருந்தும் கிளம்பல, பெட்ரோல் வாடை தூக்கலா அடிக்குதுன்னா, சூட்டுல கார்புரேட்டர் கிண்ணம் பொங்கி இஞ்சினுக்குள்ள பெட்ரோல் கூடிப்போச்சுன்னு அர்த்தம். ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காம, ஒரே மிதியா முழுசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும்.

இப்போதைய கார்ல இந்தத் தொல்லை ஏன் இல்ல? பம்பை டேங்குக்குள்ளேயே போட்டுட்டாங்க. கிணத்து மேட்டு மோட்டாரை எடுத்துட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கின மாதிரி. இழுக்கிற வேலையே இல்ல, அடியில இருந்து அழுத்தித் தள்ளுது. அழுத்தத்துல இருக்கிற பெட்ரோல் லேசில் கொதிக்காது. பாயிண்ட்டும் கண்டன்சரும் போய் எலக்ட்ரானிக் வந்துருச்சு. 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800-லயும் கார்புரேட்டர்தான். 2000 வாக்குல புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகுதான் இன்ஜெக்‌ஷன் பரவலாச்சு.

ஆனா பழைய வண்டியைப் பாசமா வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இப்ப பங்குல வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீதம் வரைக்கும் வந்தாச்சு. நாங்க விளைவிக்கிற கரும்பும் மக்காச்சோளமும் உங்க டேங்குக்குள்ள இருக்கு, எனக்கு அதுல சந்தோசம்தான். எத்தனால் தனியா 78 டிகிரியிலதான் கொதிக்கும். ஆனா பெட்ரோலோட கலந்தா லேசான பகுதிகள் இன்னும் சுலபமா ஆவியாகுது. பழைய ரப்பர் டயாஃப்ரம், ரப்பர் குழாய்களையும் அது அரிக்கும். அதுக்குத் தாங்குற ரப்பரா மாத்திக்கங்க.

சரி, அந்த வெள்ளைக் காருக்கு வர்றேன். நான் போய், "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க, பார்த்துருவோம்"னேன். பொறி நீலமா இருந்துச்சு. கார்புரேட்டர்ல பெட்ரோல் பீச்சல. "நான் சொல்லல?"ங்கிற மாதிரி பெரியவர் மகனைப் பார்த்தார். ஆனா பம்பைத் தொட்டா, மூணு பாட்டில் தண்ணியில அது ஜில்லுன்னு இருக்கு. அப்ப வேற என்னமோ. "புதுசா என்ன மாத்தினீங்க தம்பி?"ன்னு கேட்டேன். வரிசையாச் சொல்லிக்கிட்டே வந்தவர், டேங்க் மூடியும் புதுசுன்னார். போய்த் திருகினேன். உஸ்ஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு. பழைய மூடியில காத்து போற சின்ன ஓட்டை இருக்கும், இதுல இல்ல. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்ல வெற்றிடம் கூடி, பம்பால இழுக்க முடியல. கிளம்பி அரை மணி, முக்கால் மணி ஓடினதும் நிக்கிறதால சூட்டுல நிக்கிற மாதிரியே இருந்திருக்கு. மூடியை லேசாத் தளர்த்தி வச்சோம். நாலு தடவை செல்ஃப் அடிச்சதும் கிளம்பிருச்சு.

"அப்ப ஈரத்துணி பொய்யா?"ன்னு பெரியவர் கொஞ்சம் வருத்தமாக் கேட்டார்.

"பொய்யில்லைங்கய்யா. நீங்க கொடைக்கானல் ஏறினது நிஜம்தானே. இது வேற வியாதி"ன்னேன்.

ஆச்சி வீட்டு டிரைவர் அண்ணன் இப்ப இல்ல. 1987-க்கு அப்புறம் வேலையை விடுற வரைக்கும், டேஷ்போர்டுக்குள்ள ஒரு புதுக் கண்டன்சரைக் காகிதத்துல சுத்தி வச்சிருந்தார். யார்கிட்டயும் அதைப் பத்திப் பேச மாட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு இந்த வெள்ளைக் கார் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அவங்க போய்ச் சேந்துட்டாங்களாடா?"ன்னு கேட்டுச்சு.

"சேந்துட்டாங்கக்கா. கோயில் வாசல்ல இருந்து போன் பண்ணினாங்க"ன்னேன்.